முதலில் கேளுங்கள், அடுத்து எழுதுங்கள்: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

பயிற்சி முடித்து வார்டில் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு பட்டியல் கேட்பார்கள். எந்த மதத்துக்காரர் எதைச் சாப்பிட மாட்டார், எந்த நாட்டுக்காரரைத் தொட்டுப் பேசக் கூடாது, யாரிடம் கண்ணைப் பார்த்துப் பேசினால் கோபம் வரும் என்று. அப்படிப்பட்ட பட்டியல்கள் ஏராளம். நர்ஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். நானும் அதை மனப்பாடம் செய்தவள்தான்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு முதியவரின் கேஸ் ஷீட்டில் ‘மதம்’ என்ற கட்டத்தைப் பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் செவிலியர் யாரும் அவருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் குறிப்பு எழுதிவிட்டுப் போனேன். அடுத்தடுத்த ஷிப்டுகளில் ஆண் செவிலியர் யாரும் இல்லை. ஒன்றரை நாள் கழித்து அவரே கேட்டார்: “ஏம்மா, எல்லாருக்கும் துடைச்சு விடறீங்க, எனக்கு மட்டும் ஏன் யாரும் வர மாட்டேங்கிறீங்க?” அந்த மதத்தை விட்டு அவர் விலகி நாற்பது வருடம் ஆகியிருந்தது. கட்டத்தில் இருந்தது அவருடைய மகன் அவசரத்தில் சொன்னது.

அதனால் இந்தக் கட்டுரையில் பட்டியல் இல்லை. ஆங்காங்கே உதாரணங்கள் வரும். அவை எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு நினைவூட்டத்தான். பதிலைப் படுக்கையில் இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

நோயாளியின் பண்பாட்டை மதித்துக் கவனிக்கும் இந்தத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடலின் லைனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1950-களில் மனநலம் பாதிக்கப்பட்ட குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்த குழந்தைகள் ஒரே கவனிப்புக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொண்டது அவரைக் குடைந்தது. மானுடவியல் படித்து, பப்புவா நியூ கினியில் தங்கி ஆய்வு செய்து, பண்பாடு கடந்த செவிலியம் என்ற துறையையே தொடங்கினார். பிறகு வந்தவர்கள் ‘பண்பாட்டுத் திறன்’ என்று பேசினார்கள். 1998-இல் மெலனி டெர்வலோன், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தச் சொல்லையே கேள்வி கேட்டார்கள்: இன்னொருவரின் பண்பாட்டில் ‘தேர்ச்சி’ பெற்றுவிட முடியுமா என்ன? அவர்கள் முன்வைத்த சொல் பண்பாட்டுப் பணிவு: எல்லாம் தெரியும் என்று நினைக்காமல், நோயாளியிடமிருந்து கற்றுக்கொண்டே இருப்பது. நியூசிலாந்தில் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இன்னும் கறாராகச் சொன்னார்: கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிப்பவர் கவனிப்பைப் பெற்றவர், கொடுத்தவர் அல்ல. அங்கே 1992 முதல் செவிலியர் கல்வியில் இது கட்டாயப் பாடம். எனக்குப் பிடித்த வரையறை இதுதான்.

படி 1: முதலில் உங்கள் வார்டை வெளியாள் கண்ணால் பாருங்கள்

பண்பாடு என்பது நோயாளியிடம் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். ஆஸ்பத்திரிக்கு இருப்பது போன்ற விசித்திரமான பண்பாடு வேறு எங்கும் இல்லை. விடியுமுன் ஆளை எழுப்பி ரத்தம் எடுக்கிறோம். முதுகுப் பக்கம் திறந்த கவுன் கொடுக்கிறோம். அறிமுகமே இல்லாத ஆறு பேர் ரவுண்ட்ஸில் வந்து நின்று, அவரைப் பற்றி அவருக்கே புரியாத மொழியில் பேசிவிட்டுப் போகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் காதில் விழும்படி மோஷன் போனதா என்று கேட்கிறோம். வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொல்கிறோம். இதெல்லாம் நமக்கு இயல்பு. வருபவருக்கு அந்நிய நாடு.

ஒரு பயிற்சி: ஒரு ஷிப்ட் முழுவதும், “இவங்க ஏன்தான் இப்படிப் பண்றாங்களோ” என்று மனதில் ஓடும் ஒவ்வொரு முறையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் ஒரு கோடு போடுங்கள். யாரைப் பார்த்து, எதற்காக என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால் உங்கள் முன்முடிவுகள் எங்கே குவிகின்றன என்று தெரியும். எனக்குச் சத்தமாக அழுபவர்கள் மேல்தான் பொறுமை குறைவு என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

படித்தவர்களுக்கு இது இருக்காது என்று எண்ண வேண்டாம். 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் சோதித்தார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். சிகிச்சையையும் பிழையாகப் பரிந்துரைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல.

படி 2: அட்மிஷனில் ஐந்து நிமிடம்

எத்தனை நெருக்கடி இருந்தாலும் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். தொடங்கும்போது, “எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான், உங்களைச் சரியா கவனிக்கறதுக்காக” என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், தன்னை மட்டும் ஏன் விசாரிக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

பெயரில் ஆரம்பியுங்கள். “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” உலகில் எல்லாருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கிடையாது. சிலருக்கு ஒரே பெயர், சிலருக்குத் தந்தை பெயர் முன்னால், சிலருக்குக் குடும்பப்பெயர் முன்னால். உச்சரிக்க வரவில்லை என்றால் சொல்லித் தரச் சொல்லி, கேஸ் ஷீட்டில் ஒலிப்படி எழுதி வையுங்கள். கூப்பிடச் சிரமம் என்று நீங்களாக ஒரு சுருக்கப் பெயர் வைக்காதீர்கள்.

அடுத்து பிறந்த தேதி. அகதிகளாக வந்த பலருக்கு ஆவணம் இல்லாததால் ஜனவரி 1 என்று அதிகாரிகள் போட்டிருப்பார்கள். எத்தியோப்பிய நாட்காட்டி நாம் வழக்கமாகப் பின்பற்றும் நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் மருந்து கொடுக்கும் ஆளைச் சரிபார்க்கிறோம். ஒரே சமூகத்தைச் சேர்ந்த இருவர், ஒரே பெயர், இருவருக்கும் ஜனவரி 1 என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் கைப்பட்டை எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

மீதிக் கேள்விகள்: எந்த மொழியில் பேசினால் வசதி, எந்த மொழியில் படிப்பீர்கள் (இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, படிக்கத் தெரியாமலும் இருக்கலாம், அதைச் சங்கடப்படுத்தாமல் கேளுங்கள்). உணவில் எது வேண்டாம். பிரார்த்தனைக்கோ வேறு வழக்கத்துக்கோ நேரம், இடம் வேண்டுமா. உடம்பில் அணிந்திருப்பதில் கழற்றக் கூடாதது ஏதாவது உண்டா. உங்கள் உடல்நிலை பற்றி யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது. கடைசியாக ஒன்று, இதை நான் ஒருபோதும் விடுவதில்லை: “இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்தப்ப உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது நடந்துச்சா?” மற்ற கேள்விகளில் வராத பதில்கள் இதில் வரும்.

படி 3: நோயை அவர் என்னவென்று நினைக்கிறார்

1978-இல் ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் மானுடவியலாளருமானவர், தன் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் நோயாளியிடம் கேட்கச் சில கேள்விகளைத் தந்தார். இத்தனை வருடமாகியும் அவற்றைவிட நல்ல கருவி கையில் கிடைக்கவில்லை. என் வாய்க்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறேன்:

“இது எதனால வந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க? ஏன் இப்ப ஆரம்பிச்சுது? உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு தோணுது? இதுல உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கறது எது? என்ன வைத்தியம் கிடைச்சா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க?”

கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும், சொல்வது சுலபம். அவர் செய்வினை என்பார், பாவம் என்பார், உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பார். சூடு, குளிர்ச்சி என்று உணவையும் நோயையும் பிரிக்கும் வழக்கம் சீனாவிலும் தெற்காசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உண்டு. காய்ச்சலில் இருப்பவர் நீங்கள் கொடுத்த பானத்தைத் தொடாமல் வைத்திருந்தால் அது அடமாக இருக்க வேண்டியதில்லை. வேறு சூட்டில், வேறு வடிவில் கொடுத்தால் குடித்துவிடுவார். உங்களுக்குத் தேவை உள்ளே போகும் மில்லி கணக்குதானே.

வீட்டு வைத்தியத்தையும் இதே மூச்சில் கேளுங்கள். “நாட்டு மருந்தெல்லாம் சாப்பிடறீங்களா?” என்ற தொனியில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். “நிறைய பேர் இதோட சேர்த்து மூலிகை, எண்ணெய், பொடின்னு ஏதாவது எடுப்பாங்க, நீங்க எது எடுக்கறீங்க?” என்று கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் கேட்பதல்ல. மன அழுத்தத்துக்குப் பலர் எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். சில மரபு மருந்துகளிலும் கண்மைகளிலும் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

தோலில் இருக்கும் தடங்களைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள். வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளில் காய்ச்சலுக்கு எண்ணெய் தடவி நாணயத்தால் முதுகைத் தேய்ப்பார்கள்; வரிவரியாகச் சிவந்த கோடுகள் விழும். தோலில் கிண்ணங்களைக் கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் கப்பிங் செய்தால் வட்ட வட்டமாகக் கன்றிப்போயிருக்கும். குழந்தையின் பிட்டத்திலும் இடுப்பிலும் நீலச்சாம்பல் நிறத்தில் இருக்கும் பிறவி மச்சம் அடிபட்ட காயம் மாதிரியே தெரியும். இவற்றை அடி உதை என்று தவறாகப் புரிந்துகொண்டு குடும்பங்களைச் சந்தேகித்த சம்பவங்கள் உண்டு. அதற்காக எல்லாத் தடத்தையும் ‘அவங்க வழக்கம்’ என்று தள்ளிவிடவும் கூடாது. பார்த்ததை அளவோடு, இடத்தோடு எழுதுங்கள், அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள், சந்தேகம் இருந்தால் மேலே சொல்லுங்கள்.

படி 4: மொழி

இந்தப் படியில் நிதானமாக நிற்க வேண்டும். வார்டில் நடக்கும் பெரிய விபத்துகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

1980-இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். குடும்பத்தினர் சொன்ன ஸ்பானிஷ் சொல் ‘இன்டாக்சிகாடோ’. சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் அவர்கள் சொன்னார்கள். ஆங்கிலக் காதுக்கு அது போதைப்பொருள் என்று கேட்டது. அளவுக்கு மீறிய போதைக்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால் நான்கும் செயலிழந்தன. இழப்பீட்டுத் தொகை சுமார் 7.1 கோடி டாலர்.

அது எங்கோ, எப்போதோ நடந்தது என்று தோன்றினால், நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். “மயக்கமா வருது” என்று ஒருவர் சொன்னால் அது தலைசுற்றலா, நினைவு தப்பப் போகிறதா, வெறும் அசதியா? தமிழ் தெரிந்தவர்களே கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். வலியையும் பாருங்கள்: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது. பழக்கமில்லாத மொழிபெயர்ப்பாளர் இத்தனையையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவார். எரிச்சலோடு மரத்துப்போவது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்ற துப்பு அங்கேயே தொலைந்துவிடும். எந்த மொழிக்காரருக்கும் இதே கதிதான்.

வார்டில் செய்ய வேண்டியவை:

பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். நேரில் இல்லை என்றால் தொலைபேசி, வீடியோ. பயிற்சி பெற்றவரும் தவறு செய்வார், ஆனால் பாதிப்பு குறைவு. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் குழந்தைகளுக்காக நடந்த 13 சந்திப்புகளைப் பதிவுசெய்து எண்ணினார்கள். சராசரியாகச் சந்திப்புக்கு 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக் கூடியவை. கையில் கிடைத்த ஆளை வைத்துப் பேசியபோது அந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாக இருந்தது.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பெண்ணின் வாயால் அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்ல வைக்கும் கொடுமை தேவையில்லை. கணவன், மனைவி, மாமியார் என்றாலும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கன்சன்ட், மருந்து விளக்கம், மாதவிடாய், மனநிலை, வன்முறை பற்றிய கேள்விகளுக்கு உறவினர் கூடாது. மொபைல் செயலியும் அப்படித்தான். தலையணை வேண்டுமா என்று கேட்க நல்லது.

மொழிபெயர்ப்பாளர் வந்ததும் அவரைப் பார்த்துப் பேசும் தவறை எல்லாரும் செய்வோம். “அவர்கிட்ட கேளுங்க, வலி இருக்கான்னு” என்று ஆரம்பித்துவிடுவோம். நோயாளியைப் பார்த்து, “உங்களுக்கு வலி இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்துங்கள். நீங்கள் ஒரு வரி சொல்லி அவர் மூன்று நிமிடம் பேசினாலும், அவர் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு ஒரு வரியில் முடித்தாலும், “இடையில என்ன பேசினீங்க, அதையும் சொல்லுங்க” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்கேரியாவில் மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’ என்று பொருள் கொள்ளும் வழக்கம் உண்டு. வேறு பல இடங்களில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. புரிந்ததா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: “நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேன். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படி எடுப்பீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க.” பரீட்சை உங்களுக்கு, அவருக்கு அல்ல என்ற தொனி முக்கியம்.

எழுதிக் கொடுப்பதிலும் கண்ணி உண்டு. மருந்துச் சீட்டில் ‘ஒருமுறை’ என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் ‘ஒன்ஸ்’ என்ற சொல்லின் எழுத்துக்கள், ஸ்பானிஷில் படித்தால் பதினொன்று. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை பதினொன்றாகிவிடும்.

காது கேளாதவர்களை இந்தப் படியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சைகை மொழிக்கு அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. காகிதத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கு அது இரண்டாம் மொழி. மாஸ்க் போட்டுக்கொண்டு வாயசைவைப் படிக்கச் சொல்லாதீர்கள். சைகை செய்யும் கையில் டிரிப்ஸ் ஊசி குத்தினால் அவர் வாயைக் கட்டியது போல. எந்தக் கை என்று கேட்டுவிட்டுக் குத்துங்கள்.

படி 5: உடம்பைப் பார்க்கும்போது

பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெளிர்தோல்தான். அதையே கற்றுக்கொண்டு வந்த கண், கருந்தோலில் நோயைத் தவறவிடும். படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் ‘அழுத்தினால் வெளுக்காத சிவப்பு’ என்று படித்திருப்பீர்கள். கருந்தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள்: சூடா, குளிர்ச்சியா, கல்லாக இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, வலிக்கிறதா. நீலம்பாய்ந்திருக்கிறதா என்று நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பாருங்கள். மஞ்சளைக் கண்ணின் வெள்ளையிலும் மேல் அண்ணத்திலும் பாருங்கள்.

கருவியும் நம்பத்தக்கதல்ல. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்தார்கள். உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையினத்தவரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஆள் மூச்சுக்குத் திணறுகிறார், திரையில் 94 என்றால், ஆளை நம்புங்கள். டாக்டரிடம் ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பார்க்கலாமா என்று கேளுங்கள்.

தொடுவதற்கு முன் எங்கே, எதற்கு என்று சொல்லுங்கள். தேவையான இடம் மட்டும் திறந்து மற்றதை மூடி வையுங்கள். பெண் செவிலியர் அல்லது ஆண் செவிலியர்தான் வேண்டும் என்றால் முடிந்தவரை ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லி, கூட ஒருவரை நிறுத்துங்கள். முடியை மழிப்பதற்கும் வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். சீக்கியருக்கு வெட்டப்படாத முடி சமய அடையாளம். தலைப்பாகை, முக்காடு, நூல், தாயத்து எதுவானாலும் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். பல நேரங்களில் டேப் வைத்து ஒட்டினாலே ஆபரேஷன் தியேட்டருக்குப் போதும்.

வலி விஷயத்தில் முகத்தை நம்பாதீர்கள். கத்துபவருக்கு வலி அதிகம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவருக்குக் குறைவு என்ற கணக்கு தப்பு. இருவரிடமும் ஒரே அளவுகோல், ஒரே இடைவெளியில்.

படி 6: மருந்து, ரத்தம், விரதம்

இங்கே லைனிங்கர் சொன்ன மூன்று வழிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் வழக்கம் தீங்கில்லாததா, அப்படியே விடுங்கள். சிகிச்சையோடு உரசுகிறதா, இரண்டையும் கொஞ்சம் வளைத்துப் பொருத்துங்கள். ஆபத்தானதா, காரணம் சொல்லி, அவரோடு சேர்ந்து மாற்றப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் இரண்டிலேயே பெரும்பாலானவை முடிந்துவிடும். புதியவர்கள்தான் நேராக மூன்றாவதுக்குத் தாவுவார்கள்.

விரதம் இந்த மூன்றில் நடுவில் வருவது. ரமலானில் நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று அவர்கள் மார்க்கமே சொல்கிறது. ஆனாலும் பலர் நோற்கவே விரும்புவார்கள். யூதர்களின் யோம் கிப்பூர் விரதம் சுமார் 25 மணி நேரம். நீங்கள் மார்க்க விளக்கம் சொல்லப் போகாதீர்கள், அதற்கு அவர்களுடைய குரு இருக்கிறார். உங்கள் வேலை, அவர் விரதத்தை ஒளிக்காமல் சொல்லும்படி நடந்துகொள்வது. இன்சுலின் போட்டுக்கொண்டு ரகசியமாகப் பட்டினி கிடந்தால்தான் ஆபத்து. சொல்லிவிட்டால் டாக்டர் நேரத்தையும் அளவையும் மாற்ற முடியும். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ விரதத்தை முறிப்பது என்று முதலிலேயே பேசி முடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்தின் மூலப்பொருள் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது, எனாக்ஸபரினும் அதிலிருந்துதான். அதே வேலைக்கான ஃபாண்டபாரினக்ஸ் செயற்கையானது, ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின். “உறையைப் பிரிச்சுக் கொட்டித் தரேன்” என்று நல்லெண்ணத்தில் செய்துவிடாதீர்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மருந்தாக இருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். மருந்தாளுநரைக் கேளுங்கள்.

ரத்தம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஏற்பதில்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்ற பகுதிப் பொருட்களை ஏற்பதா என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. அதனால் ‘ரத்தம் வேண்டாம்’ என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. டாக்டரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லாதபோது.

படி 7: குடும்பம்

நோயாளிதான் முடிவெடுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்” என்று பிள்ளைகள் வாசலில் உங்களை மடக்குவார்கள். சண்டை போடாதீர்கள், வாக்கும் கொடுக்காதீர்கள். அப்பாவிடமே போய்க் கேளுங்கள்: “சில பேருக்கு எல்லா விவரமும் தெரியணும், சில பேர் வீட்டுல ஒருத்தர்கிட்ட சொன்னா போதும்பாங்க. உங்களுக்கு எப்படி வசதி?” மகனிடம் சொல்லுங்கள் என்றால் அதுவும் அவர் முடிவுதான். அதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைத்து, உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்று மேலதிகாரியிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்கிறார், மனைவி தரையைப் பார்த்தபடி இருக்கிறார். அது மரியாதையாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நோயாளியையும் ஒருமுறையாவது தனியாகப் பார்ப்பது வார்டின் வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்க, சிறுநீர் சாம்பிள் எடுக்க என்று அழைத்துப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. ‘அவங்க பண்பாடு அப்படி’ என்று நாம் ஒதுங்கிக்கொண்ட இடங்களில் சிலர் அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

படி 8: இறுதி நேரம்

முன்கூட்டியே கேட்க மனம் வராது. ஆனால் மூச்சு நின்றபின் கேட்டால் நேரம் இருக்காது. உடலை யார் கழுவலாம், எந்தத் திசையில் கிடத்த வேண்டும், எதைக் கழற்றக் கூடாது, எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். இஸ்லாமியரும் யூதரும் விரைவாக அடக்கம் செய்ய விரும்புவார்கள். யூதர்களில் பலர் உடலைத் தனியே விடுவதில்லை. சான்றிதழ் வேலையை இரவு ஷிப்ட் காலைக்குத் தள்ளினால் அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் தாமதமாக இருக்காது.

படி 9: உங்களையே வேண்டாம் என்றால்

உங்கள் நிறம், உச்சரிப்பு, முக்காடு இவற்றைப் பார்த்து, “வேற நர்ஸை அனுப்புங்க” என்று ஒருவர் சொல்வார். அந்தரங்கக் கவனிப்புக்குத் தன் பாலினத்தவரைக் கேட்பது வேறு, இது வேறு. உயிர் ஆபத்து என்றால் வேலையை முடியுங்கள். மற்ற நேரத்தில், “நான்தான் இன்னிக்கு உங்க நர்ஸ். மருந்து நேரமாச்சு, இப்ப கொடுக்கட்டுமா?” என்று சொல்லிப் பாருங்கள். தொடர்ந்தால் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள். பண்பாட்டுத் திறன் என்ற பெயரில் இதை விழுங்கச் சொன்னால் அது தவறான பாடம்.

படி 10: தவறினால், அடுத்த ஷிப்டுக்கு

தவறுவீர்கள். நீளமாக விளக்கம் சொன்னால் நோயாளி உங்களை ஆறுதல்படுத்த வேண்டி வரும். “மன்னிச்சிடுங்க, கேக்காம செஞ்சிட்டேன். எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க.” இவ்வளவுதான். சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், ஹேண்ட்ஓவரில் வாயாலும் சொல்லுங்கள். ‘மதம்: இன்னது’ என்று எழுதாதீர்கள். ‘மாலை 6 மணிக்குப் பத்து நிமிடம் தனியாக இருக்க விரும்புகிறார், அப்போது பிபி பார்க்க வேண்டாம், 6.15-க்குப் பார்க்கலாம், அவரே சொன்னது’ என்று எழுதுங்கள். முன்பு சொன்ன முதியவரின் ஷீட்டில் நான் போட்ட பெரிய எழுத்துக் குறிப்பை அடித்துவிட்டு, கீழே எழுதியது: ‘யார் வேண்டுமானாலும் துடைத்துவிடலாம். வெந்நீர் கொஞ்சம் சூடாக வேண்டும் என்கிறார்.’